காயாத டிபன் கேரியர்

எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியர் ஓய்வு பெற்றதும், அவருடைய அலமாரியைத் திறந்து இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிடும் வேலை என்னிடம் வந்தது. நான் அந்த மிஷன் பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தர். உடைந்த அளவுகோல்கள், செல்லரித்த படத்தாள்கள் எல்லாவற்றுக்கும் எதிரே 'பயனற்றவை' என்று எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு மரப்பெட்டி. பதிவேட்டில் 'எண்ணெய் வண்ணக் குழாய்கள், பன்னிரண்டு' என்று இருந்தது. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்ட மாதிரி தெரியவில்லை.

திறந்து பார்க்காமல் அதற்கும் 'பயனற்றவை' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு குழாயில் மூடி இல்லை; உள்ளே இருந்தது கல்லாகியிருந்தது. அடுத்ததைத் திறந்து அமுக்கினேன். நேற்று அடைத்ததுபோல நீலம் வந்தது. விரலில் பட்டது, விரலிலிருந்து சட்டைக் கையில் பட்டது. பதிவேட்டில் இப்படி எழுதினேன்: 'பதினொன்று நல்ல நிலையில் உள்ளன. ஒன்று மூடி இல்லாததால் இறுகிவிட்டது.' நான் எழுதிய அந்த இரண்டாவது வாக்கியத்தின் பொருள் எனக்கே புரிய ஐந்து மாதம் ஆனது.

தலைமையாசிரியர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "நீங்களே கொண்டு போங்க சார். இங்க இருந்தா அடுத்த தடவை எலி கொண்டு போயிரும்" என்றார். நான் முறைப்படி கடிதம் எழுதி, அனுமதிக் கையெழுத்து வாங்கி, பதிவேட்டிலிருந்து நீக்கி, அதன் பிறகே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். குழாயில் தண்ணீர் என்றைக்கு வந்தது, மகளுக்கு எப்போது முதல் பல் விழுந்தது, மனைவிக்கு எந்த வாரத்தில் இளைப்பு கூடியது என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த வாரம் பழைய நாட்குறிப்புகளை அலமாரியில் அடுக்கும்போது ஒன்று தோன்றியது. இத்தனை பக்கங்களிலும் வந்ததும் நடந்ததும்தான் இருக்கின்றன. நான் உண்டாக்கியது என்று ஒரு பொருள்கூட இல்லை. ஒன்றாவது உண்டாக்கிவிட வேண்டும் என்று அன்றைய பக்கத்தின் அடியில் எழுதி, அடிக்கோடிட்டேன். நான் சாதாரணமாக அடிக்கோடிடுவதில்லை.

எங்கள் வீடு காளவாசலுக்கு மேற்கே, பஸ் சத்தம் எட்டாத ஒரு தெருவில் இருக்கிறது. மகள் திருமணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகு அவள் அறை காலியாகக் கிடந்தது. கிழக்கே ஒரு ஜன்னல். காலை ஆறு மணிக்கே வெளிச்சம் வரும். ஒரு மேசை, ஒரு முக்காலி, டவுனில் வாங்கிய இரண்டு கேன்வாஸ், நான்கு பிரஷ், சிறிய பாட்டிலில் ஆளிவிதை எண்ணெய், வண்ணத்தைக் கரைக்கவும் பிரஷ் கழுவவும் ஒரு பாட்டில் டர்பன்டைன். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு முதல் நாள் உட்கார்ந்தேன்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தால், மனைவி மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பேச்சு வரவில்லை. ஜன்னலைக் கை காட்டினாள். அவள் இருபத்தைந்து ஆண்டு தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து, இளைப்பு முற்றியதால் வேலையை விட்டவள். எந்த வாடை ஆகாது என்பதற்கு என் நாட்குறிப்பில் ஒரு பட்டியலே உண்டு. டர்பன்டைனை அதில் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றாமல் போனது எப்படி என்று இன்றுவரை விளங்கவில்லை. அன்று மட்டும் ஆவி மெஷினை இரண்டு முறை வைக்க வேண்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் பெட்டி, பாட்டில், பிரஷ் அனைத்தையும் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காப்பி குடிக்கும்போது அவளே ஆரம்பித்தாள்.

"ஏங்க, பரண்ல என்ன சத்தம் நேத்து?"

"எல்லாத்தையும் ஏத்தி வச்சிட்டேன். விட்டுரலாம்."

"நான் விடச் சொன்னேனா? வாடைதான் ஆகலன்னேன். அதுகூட சொல்லல, மூச்சு இருந்தாத்தான சொல்ல." டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒண்ணு செய்வோம். கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்க ஆள் வருவாங்கல்ல, அன்னைக்கு ஒரு படம் முடிஞ்சு, காஞ்சு, அந்தா அந்த ஆணியில தொங்கணும். எனக்கு இளைப்பும் வரக் கூடாது. தொங்குச்சுன்னா ரூம் உங்களுக்கு. இல்லைன்னா என் தையல் மெஷினை அங்க போட்டுக்கிறேன். ஹால்ல ஊசியில நூல் கோக்கக்கூட வெளிச்சம் இல்ல."

அந்த ஆணி சாப்பாட்டு மேசைக்கு மேலே, முன்பு கடிகாரம் தொங்கிய இடத்தில் இருந்தது. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நாட்குறிப்பில் அவள் நிபந்தனைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி அவளிடம் காட்டினேன். "கையெழுத்து வேற போடணுமா?" என்றாள். ஆனாலும் போட்டாள்.

அப்போது ஜூன் மாதம். டர்பன்டைனை அன்றே வீட்டைவிட்டு அனுப்பினேன். ஆளிவிதை எண்ணெயும் அதே அறையில் திறந்திருந்ததால் அதன் மேலும் எனக்குச் சந்தேகம். இரண்டையும் நீக்கினால் வண்ணத்தை எதில் குழைப்பது? யோசித்தேன். எண்ணெய் வண்ணம் என்றால் எண்ணெயும் நிறப்பொடியும் சேர்ந்தது. மாதா மாதம் செக்கில் வாங்கும் நல்லெண்ணெய் வீட்டில் இருக்கிறது. கலப்படம் இல்லாதது. அவளுக்கு ஒருநாளும் அதனால் தொந்தரவு வந்ததில்லை. சனிக்கிழமை தலைக்குக்கூடத் தேய்க்கிறாள். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, நீலத்தைக் குழைத்தேன். வெண்ணெய் மாதிரி இழைந்தது. அந்தக் காலை எனக்குள் இருந்த நிம்மதியை இப்போதும் நினைவுகூர முடிகிறது.

அவள் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "படம் வரையிற மாதிரியே இல்ல. எள்ளு மிளகாப் பொடி குழைக்கிற மாதிரி இருக்கு."

"இளைக்குதா?"

"பசிக்குது."

எதை வரைவது என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. அவள் பள்ளிக்குக் கொண்டுபோன டிபன் கேரியர் சமையலறை மேல்தட்டில் கவிழ்ந்து கிடந்தது. மூன்றடுக்கு, எவர்சில்வர். நடு அடுக்கில் ஓர் ஒடுக்கு. அதை இறக்கித் துடைத்து, ஜன்னலோர மேசையில் வைத்தேன்.

"உலகத்துல வேற பொருளே கிடைக்கலையா?" என்றாள். பிறகு, "அந்த ஒடுக்கையுமா வரையப் போறீங்க?"

"இருக்கிறதைத்தான வரையணும்."

"அப்ப என்னைய வரைஞ்சிராதீங்க."

தினமும் ஆறு மணி முதல் ஏழு வரை என்று நேரம் வைத்துக்கொண்டேன். ஏழு மணிக்கு மேல் ஒரு நிமிடம்கூட உட்கார்ந்ததில்லை. குளித்து, சாப்பிட்டு, எட்டரைக்கு வண்டியை எடுக்க வேண்டும். முதல் வாரம் முழுக்கக் கருப்பும் வெள்ளையும் கலந்து சாம்பல் நிறம் செய்தேன். கேன்வாஸில் மூன்று சிமென்ட் உருளைகள் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். மறுபடியும் சிமென்ட்.

ஒரு நாள் அவள் ஈரக் கையோடு வந்து என் பின்னால் நின்றாள். கொஞ்ச நேரம் படத்தையும் கேரியரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"நீங்க சில்வர்னு நினைச்சுக்கிட்டு வரையுறீங்க. அதுல சில்வர் எங்க இருக்கு? இங்கிட்டு பச்சைத் திரை தெரியுது. அங்கிட்டு உங்க சட்டை தெரியுது. கீழ மேசை தெரியுது. நடுவுல கோணையா ஒரு மூஞ்சி. அது நீங்கதான்."

இருபத்தைந்து ஆண்டு தினமும் துலக்கியவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் கருப்புக் குழாயை மூடி உள்ளே வைத்துவிட்டேன். பச்சை, நீலம், மேசையின் பழுப்பு என்று எது தெரிகிறதோ அதை மட்டும் அதனதன் இடத்தில் வைத்தேன். ஒடுக்குக்குள் ஜன்னல் ஒரு சின்ன வெள்ளைக் கீற்றாக மடங்கியிருந்தது. ஆடி பிறந்த பிறகு ஒரு காலையில் முக்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் பார்த்தபோது, அங்கே ஒரு பாத்திரம் இருந்தது. தட்டினால் சத்தம் கேட்கும் போலிருந்தது. 'முடிந்தது' என்று எழுதினேன். இனிக் காய வேண்டியதுதான். கிறிஸ்மஸுக்கு ஐந்து மாதம் இருந்தது.

மூன்று நாள் கழித்து ஓரத்தில் விரல் வைத்தேன். ஈரம். ஒரு வாரம் கழித்தும் ஈரம். மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். அங்கே அவள் வேட்டியை விரித்துக் கூழ் வத்தல் ஊற்றியிருந்தாள். அதன் பக்கத்தில் ஒரு நாற்காலியில் படத்தைச் சாய்த்து வைத்தேன். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் நாள் வத்தல் கலகலவென்று வேட்டியை விட்டு உரிந்து வந்தது. படம் அப்படியே இருந்தது. ஆடிக் காற்று கொண்டுவந்த மண் மட்டும் மேலே பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுத்தேன்.

"அப்பளமா இருந்தா இந்நேரம் பொரிஞ்சிருக்கும்" என்றாள் மனைவி. "இது என்னங்க, இம்புட்டு வெயிலுக்கும் அசையல?"

ஆகஸ்ட் முழுக்கவும் செப்டம்பர் முழுக்கவும் என் நாட்குறிப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரி ஒரே சொல்தான்: ஈரம். சில நாட்களில் 'சற்றே பிசுபிசுப்பு' என்று மாற்றி எழுதி என்னை நானே தேற்றிக்கொண்டிருக்கிறேன். வண்ணங்கள் பழையவை, அதனால் தாமதம் என்று ஒரு காரணம் எழுதினேன். கேன்வாஸ் சரியில்லை என்று இன்னொன்று. எண்ணெயை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை. எங்கள் வீட்டில் எத்தனையோ காயப்போட்டிருக்கிறோம். துணி, மிளகாய், வத்தல், வடகம். காய்வது என்றால் உள்ளே இருப்பது வெயிலில் போய்விடுவது. எண்ணெய்க்குக் கொஞ்சம் நாள் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான் என்று இருந்தேன்.

அக்டோபரில் முதல் பெருமழை பெய்த சாயங்காலம், ஈசல் வந்தது. விளக்கை அணைப்பதற்குள் அறை முழுக்கச் சிறகு. நான் கதவைச் சாத்தி, பெருக்கி முடித்துப் பார்த்தபோது, கேரியரின் மேலடுக்கில் பதினாலு ஈசல் ஒட்டிக்கொண்டிருந்தது. சில உயிரோடு இருந்தன. ஒன்றை எடுத்தால் சிறகோடு வண்ணமும் வந்தது. மூன்று மாதத்துக்கு முன் வைத்த வண்ணம், வைத்த அன்று இருந்தது போலவே விரலில் வழுக்கியது.

அந்த வாரக் கடைசியில் மாத எண்ணெய் வாங்கச் செக்குக்குப் போனேன். செக்குக்காரர் என் வயதுதான். அண்ணே என்று நானும் அவரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வோம். அவர் ஒரு தகரத்தை வைத்துச் செக்கின் உட்புறத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, செக்குக்குள்ள தார் ஊத்திட்டீங்களா?"

"ஆளிவிதைண்ணே. மூட்டுவலிக்கு நல்லதுன்னு இப்ப ஆட்டச் சொல்றாங்க. ஆட்டுன அன்னைக்கே தொடைச்சிரணும். ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டேன், பாருங்க, அரக்கு மாதிரி புடிச்சுக்கிருச்சு. காத்துப் பட்டா இறுகிரும்."

"நல்லெண்ணெய் இறுகாதா?"

"நல்லெண்ணெயா? பிசுபிசுங்கும். ஆனா இறுகாது. ஒரு மாசம் விட்டாலும் துணிய வச்சு ஒரு இழுப்பு, வந்துரும்." அவர் சுரண்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏண்ணே, உக்காருங்க. வேர்க்குது உங்களுக்கு."

மூடி இல்லாத அந்தக் குழாய் எனக்கு அங்கேயே நினைவுக்கு வந்தது. பெட்டிக்குள், வெயிலே படாமல் கல்லானது. குழாய்க்குள் நிறப்பொடியோடு அடைத்திருந்ததும் ஆளிவிதை எண்ணெய்தான். நான் என் கையாலேயே அதைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். அந்த எண்ணெயிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை; காற்று உள்ளே போகிறது, அது இறுகுகிறது. நான் ஊற்றிய எண்ணெய்க்கோ அந்தக் குணமே இல்லை. கிறிஸ்மஸ் வரை என்ன, அடுத்த கிறிஸ்மஸ் வரை வைத்திருந்தாலும் என் கேரியர் பிசுபிசுத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஆனாலும் சோதிக்காமல் நம்பக் கூடாது. ஓர் அட்டையில் நான்கு கட்டம் போட்டேன். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காயெண்ணெய், பரணிலிருந்து இறக்கிய ஆளிவிதை எண்ணெய். நான்கிலும் ஒரே நீலத்தைக் குழைத்துப் பூசினேன். ஆனால் அதற்கு முன் அந்தச் சிறிய பாட்டிலை அவளிடம் கொண்டுபோனேன். ஆவி மெஷினை மேசையில் தயாராக வைத்து, ஜன்னல்களைத் திறந்து, மூடியைத் தளர்த்தினேன். அவள் தூரத்தில் வைத்து மோந்தாள். பிறகு கிட்டே வந்தாள்.

"மீன் எண்ணெய் மாத்திரை மாதிரி வருது."

"நெஞ்சு?"

"ஒண்ணும் பண்ணல. இம்புட்டு நாளா இதைப் போய்ப் பரண்ல ஒளிச்சு வச்சிருந்தீங்களாக்கும்." பாட்டிலைத் திருப்பித் தந்தாள். "பாவம், செய்யாத குத்தத்துக்கு உள்ள கிடந்திருக்கு."

எட்டாம் நாள் காலை அட்டையைப் பார்த்தேன். மூன்று கட்டங்கள் விரலோடு வந்தன. நான்காவது வரவில்லை. நகத்தால் கீறினாலும் வரவில்லை.

அன்றே தோசைத் திருப்பியை எடுத்துவந்து, படத்தைச் செய்தித்தாளின் மேல் படுக்கவைத்தேன். மேலடுக்கிலிருந்து ஆரம்பித்தேன். பச்சை, நீலம், என் சட்டை, கோணையான முகம் எல்லாம் சுருண்டு சுருண்டு ஓரத்துக்கு வந்து ஒரே சேறாகின. மனைவி நிலைப்படியில் நின்றிருந்தாள். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை.

"அந்த ஒடுக்காச்சும் நல்லா வந்திருந்துச்சு" என்றாள்.

"மறுபடி வரும்."

"தோசைத் திருப்பியத் திருப்பித் தந்துராதீங்க. புதுசு வாங்கிக்கிறேன்."

வெள்ளையடிக்கிறவர் டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். ஏழு வாரம் இருந்தது. எண்ணெய் ஊறிய பழைய கேன்வாஸைத் தொடாமல் இரண்டாவதை எடுத்தேன். இந்த முறை வண்ணத்தை மெல்லியதாக மட்டுமே பூசுவது, ஒரு பூச்சு இறுகாமல் அடுத்ததைத் தொடுவதில்லை, பிரஷ்களை எண்ணெயில் அலசிப் பாத்திரம் தேய்க்கிற சோப்பில் கழுவுவது என்று விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மழைக்காலம் என் பக்கம் இல்லை. தீபாவளி வாரம் முழுக்கத் துணிகூடக் காயவில்லை. மேசை விசிறியைப் படத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு நான் வேர்வையோடு உட்கார்ந்திருப்பேன். ஈசலுக்குப் பயந்து, படத்தின் மேல் சோறு மூடி வைக்கிற வலைக்கூடையைக் கவிழ்த்து வைத்தாள் அவள்.

நவம்பர் முடியும்போது கேரியர் மீண்டும் நின்றது. முதலாவதைவிட நன்றாக இருந்தது. விரல் வைத்த இடமெல்லாம் இறுகியிருந்தது. அப்படியே நிறுத்தியிருந்தால் நிபந்தனைகள் மூன்றும் நிறைவேறியிருக்கும்.

ஆனால் மூடியின் விளிம்பில் வெளிச்சம் விழும் ஓர் இடம் உண்டு. கண் கூசுகிற ஒரு புள்ளி. மெல்லிய பூச்சில் அதைக் கொண்டுவர முடியவில்லை. நான்கு முறை முயன்றேன். அது இல்லாத வரை கேரியர் அலுமினியமாகத்தான் தெரிந்தது. கெட்டியாக வைத்தால் வரும், ஆனால் காயாது. வெள்ளையடிப்புக்கு ஒன்பது நாள் இருந்தது. இரண்டு காலை அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வெள்ளைக் குழாயிலிருந்து நேராக, எண்ணெய் கலக்காமல், கத்தி முனையில் எடுத்து வைத்தேன். ஒரே வைப்பு. கேரியர் எவர்சில்வர் ஆனது. அறை போனாலும் போகட்டும் என்று எழுதவில்லை. 'மூடி விளிம்பு சரியாயிற்று' என்று மட்டும் எழுதினேன்.

சனிக்கிழமை காலை வெள்ளையடிக்கிறவர் ஏணியோடு வந்தார். மனைவிக்காக வாடையில்லாத பெயின்ட்தான். சாப்பாட்டு மேசையை நகர்த்தி, சுவரைத் துடைத்து, முதல் கைப் பூச்சை அடித்தார். நான் படத்தை எடுத்துவந்து நாற்காலியில் வைத்தேன். அவர் ஏணியிலிருந்தபடி குனிந்து பார்த்தார்.

"சாரும் நம்ம லைனுதானா? சொல்லவே இல்லையே."

"இப்பத்தான் பழகுறேன்."

"ஒடுக்கு அப்படியே இருக்கு சார். எங்க வீட்டுல இருக்குறதுலயும் இதே இடத்துலதான்."

மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் கேட்பதற்கு முன் நானே சொன்னேன். "முடிஞ்சிருச்சு. உனக்கு ஒரு நாளும் இளைப்பு வரல. ஆனா மூடி விளிம்பு இன்னும் காயல. இந்த ஒரு புள்ளி. இன்னும் பத்து நாளாவது ஆகும்."

"மத்ததெல்லாம்?"

"காஞ்சிருச்சு."

அவள் நம்பவில்லை. கீழடுக்கைத் தொட்டாள். நடு அடுக்கில், ஒடுக்கின் மேல் விரலை ஓட்டினாள். பிறகு நான் தடுப்பதற்குள் அந்தப் புள்ளியைத் தொட்டாள். விரல் நுனியில் வெள்ளை வந்தது. அதைப் பார்த்தாள். இன்னொரு கையின் விரலை, இப்போதுதான் அடித்த சுவரில் வைத்தாள். அதிலும் வெள்ளை வந்தது. இரண்டு விரலையும் என்னிடம் நீட்டிக் காட்டினாள்.

ஏணியில் இருந்தவர் இரண்டாவது கைக்காக ஆணியைப் பிடுங்கக் குறடு எடுத்திருந்தார்.

"அண்ணே, அதைப் பிடுங்காதீங்க" என்றாள் மனைவி. "சுத்தி அடிங்க. தையல் மெஷினை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போட்டுக்கலாம். ரெண்டு பேர் உக்கார இடம் இருக்கு அந்த ரூம்ல."

படத்தை வலைக்கூடைக்குள் திரும்ப வைத்தேன். புள்ளியில் அவள் விரல் பட்ட இடம் சற்றுத் தட்டையாகியிருந்தது. கத்தியை எடுத்தேன். பிறகு வேண்டாம் என்று வைத்துவிட்டேன். கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்பு அது இறுகியது. அன்று ஆறு மணிக்கு, தையல் மெஷினின் மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து, புதிய கேன்வாஸை நிறுத்தினேன்.